உலகம் சுற்றிய தமிழர்

பொருளீட்டும் பொருட்டுக் கடல் கடந்த தமிழர் பலர். உலகைக் காணவும், கண்டதைத் தமிழருக்குக் காட்டவும் கடல் கடந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையானவர் ஏ. கே. செட்டியார்.

அண்ணாமலை கருப்பன் செட்டியார் என்னும் இயற்பெயருடைய இவர், 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். இளம் வயதிலேயே பர்மாவின் அன்றைய தலைநகரான இரங்கூனுக்குச் சென்று, நகரத்தார் நடத்திய ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியரானார். பொன்னொளி வீசும் சுவேதகோன் பகோடாவும், கப்பல்கள் நிறைந்த துறைமுகமும் அந்நகரின் அடையாளங்கள். பர்மியர், சீனர், தமிழர், தெலுங்கர், வங்காளியர் எனப் பல மொழியினர் அதன் வீதிகளில் கலந்து வாழ்ந்தனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். மொகல் தெருவில் நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் தொழில் செழித்திருந்தது.

வணிகக் குடியில் பிறந்தவருக்கு அத்தெருவே வளமான வாழ்வைத் தந்திருக்கும். செட்டியாரோ வேறு வழியைத் தேர்ந்தார். ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவிலும், பின்னர் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார்.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றபோது, காந்தியடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்கும் எண்ணம் அவருள் எழுந்தது. நாடு அந்நியர் ஆட்சியில் இருந்த காலம் அது. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. தேடித் தொகுக்காவிடில் அவை அழிந்துபோகக்கூடும். செட்டியார் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து 12,000 அடி நீளத்தில் உருவான ‘மகாத்மா காந்தி’ என்னும் ஆவணப்படம், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

‘ஜப்பான்’, ‘உலகம் சுற்றும் தமிழன்’, ‘குடகு’ முதலிய நூல்களால் தமிழில் பயண இலக்கியத்தை வளர்த்தார். எளிய நடையும் மெல்லிய நகைச்சுவையும் அவர் எழுத்தின் இயல்புகள். 1943ஆம் ஆண்டு தொடங்கிய ‘குமரி மலர்’ இதழில் அரிய பழைய எழுத்துகளைத் தேடி வெளியிட்டார். பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் ‘தமிழ்நாடு’ என்னும் நூலாகத் தொகுத்தார்.

இத்தனை பணிகளிலும் அவர் தம்மை முன்னிறுத்தியதில்லை. கண்ட காட்சியே வாசகர் மனத்தில் நிற்க வேண்டும். கண்டவர் நிற்க வேண்டியதில்லை என்பதே அவர் எழுத்து உணர்த்தும் நெறி. 1983ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஊர்களைக் கடப்பது மட்டும் பயணமன்று. கண்டதைப் பிறருக்கெனக் காத்து வழங்கும்போதே அது நிறைவு பெறுகிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.