துடுப்புக்கு ஓய்வு தந்தவர்!

குட்டீஸ்... படகின் பின்பக்கம் மாட்டியிருக்கும் மோட்டாரைப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டும்போது மாட்டலாம், வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துச் செல்லலாம். சாலையில் வண்டி நின்றால் இறங்கித் தள்ளிவிடலாம். நடுத்தண்ணீரில் மோட்டார் நின்றால்? தள்ள முடியாதே! நம்பிப் புறப்படக்கூடிய ஒரு படகு மோட்டாரைச் செய்ய உழைத்த ஓலே எவின்ரூட்டின் கதை இது.

1877-ல் நார்வே நாட்டில் பிறந்தார் ஓலே. ஐந்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்தார். பள்ளிக்குப் போனது சில ஆண்டுகள்தான். 16 வயதில் இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரம் போக, பொறியியல் புத்தகங்களைத் தாமே படித்தார். பிறகு மில்வாக்கி நகரில் இன்ஜின் செய்யும் பட்டறை தொடங்கினார்.

ஒரு கோடை நாளில், நண்பர்களோடு ஏரிக்கு உல்லாசப் பயணம் போயிருந்தார். உடன் வந்த பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்டார். ஓலே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கி வந்தார். வருவதற்குள் எல்லாம் உருகிவிட்டது! கை வலியோடு திரும்பிய ஓலேயின் மனதில் படகு மோட்டார் யோசனை பிறந்தது என்பார்கள். அந்த பெஸ்தான் பிறகு அவரது மனைவியானார்.

ஓலேக்கு முன்பே சிலர் இப்படிப்பட்ட மோட்டாரைச் செய்திருந்தனர். ஆனால், அவை பெரிதாகப் பரவவில்லை. 1909-ல் ஓலே விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் அமோகமாக விற்றது. ஒன்றரை குதிரைத்திறன், சுமார் 28 கிலோ எடை. அது 'டூ ஸ்ட்ரோக்' வகை.

அதென்ன டூ ஸ்ட்ரோக்? இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை போனதுமே டூ ஸ்ட்ரோக்கில் ஒரு வெடிப்பு நிகழ்ந்து சக்தி கிடைக்கும். 'ஃபோர் ஸ்ட்ரோக்'கில் இரண்டுமுறை மேலும் கீழும் போனால்தான் ஒரு வெடிப்பு. அதற்கு வால்வுகளும் தேவை. பாகம் குறைந்தால் எடையும் குறையும். பழுதாகும் இடங்களும் குறையும். டூ ஸ்ட்ரோக் அன்றைய படகுக்குப் பொருந்தியது அதனால்தான்!

வியாபாரத்தைக் கவனித்து வந்த பெஸ்ஸின் உடல்நலம் கெட்டது. மனைவிதான் முக்கியம் என்று, ஓலே தம் நிறுவனத்தைப் பங்குதாரரிடம் விற்றுவிட்டார். ஐந்து ஆண்டுகள் இந்தத் தொழிலில் இறங்குவதில்லை என்று ஒப்பந்தம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கெடு முடிந்ததும், அலுமினியத்தில் புதிய மோட்டாரை உருவாக்கினார். இரண்டு சிலிண்டர், மூன்று குதிரைத்திறன். சக்தி இருமடங்கு, எடையோ சுமார் 22 கிலோதான்! அதைப் பழைய பங்குதாரரிடமே முதலில் கொடுக்க முன்வந்தார். அவர் வேண்டாம் என்றார். ஓலே சோரவில்லை. 1921-ல் 'எல்டோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1929-ல் அவரது பழைய நிறுவனமும் எல்டோவும் ஒன்றாக இணைந்தன, தலைவரானார் ஓலே. 1934-ல் மறைந்தார்.

டூ ஸ்ட்ரோக்குக்குக் குறைகளும் உண்டு, குட்டீஸ். அந்தக்கால மோட்டாரில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் புகை கக்கும், பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் வெளியேறித் தண்ணீரைக் கெடுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக இருக்கும், பெட்ரோலும் மிச்சம். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் பல நாடுகளில் ஃபோர் ஸ்ட்ரோக் முன்னே வந்தது. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பும் 2020-ல் நின்றுபோனது.

அப்படியானால் எதை நம்பலாம்? இரண்டையுமே நம்பலாம். ஆனால், நல்ல எரிபொருள், சரியான ஆயில், குளிர்விக்கும் தண்ணீர் ஆகிய மூன்றையும் கிளம்பும் முன்பே கவனிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் எந்த மோட்டாரும் நடுத்தண்ணீரில் நின்றுவிடும்!

சொன்ன சொல்லிலும் செய்த பொருளிலும் நம்பிக்கையைக் காப்பாற்றியவர் ஓலே. நீங்களும் அப்படித்தானே, குட்டீஸ்!