ஃபிரேமுக்குள்ள அடங்காத இன்ஜின்

ஈசிஆர்ல மூட்டையோட திணறிப் போற டிவிஎஸ் 50-ஐப் பார்த்தா, இதுல ஒரு 150 சிசி இன்ஜினை வெச்சா எப்படி இருக்கும்னு நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குக் கை துறுதுறுக்கும். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு பட்டறை, வெல்டிங் மெஷின், பழைய இன்ஜின் கிடைச்சா போதும்னு தோணும். உங்களுக்கும் அந்த ஆசை இருந்தா, கிளென் கர்ட்டிஸ் கதையைக் கேளுங்க.

1878-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹேமண்ட்ஸ்போர்ட் என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். எட்டாம் வகுப்போட படிப்பு முடிஞ்சது. சைக்கிள் ரேஸ் ஓட்டினார், சைக்கிள் கடை வெச்சார். 1901-ல் சைக்கிளுக்கு இன்ஜின் மாட்டக் கிளம்பினார். வெளியூரிலிருந்து வார்ப்பு பாகங்களை வரவழைச்சு அவரே கோத்தார். கார்புரேட்டர்? தக்காளி சூப் டின்!

அந்த இன்ஜின் வண்டியைச் சரியா இழுக்கல. அடுத்து பெருசா ஒண்ணு வரவழைச்சார். எடை மட்டும் 80 கிலோவுக்கு மேல. அது எப்பவாவதுதான் வெடிக்கும். வெடிச்சா ஃபிரேமைப் பிய்ச்சுக்கிட்டு ஓடப் பார்க்கும். நாமளா இருந்தா இன்னொரு பிராக்கெட்டை வெல்டு வெச்சிருப்போம். அவர் இன்ஜினையே புதுசா டிசைன் பண்ணினார். எடை கம்மி, பவர் அதிகம். 1904-லேயே அவர் இன்ஜின் ஆகாயக் கப்பலில் ஏறிடுச்சு.

அப்புறம்தான் அந்தப் பைத்தியக்கார வேலை. ஆகாயத்துக்காகச் செஞ்ச 40 குதிரைத்திறன் வி-8 இன்ஜினை ஒரு மோட்டார் சைக்கிள் ஃபிரேமுக்குள்ள திணிச்சார். நம்ம 100 சிசி வண்டிக்கு எட்டு குதிரைத்திறன்தான், ஒப்பிட்டுப் பாருங்க. செயின் தாங்காதுன்னு ஷாஃப்ட் வெச்சார். 1907 ஜனவரி 24, ஃபுளோரிடாவில் ஆர்மண்ட் கடற்கரை மணல். ஒரு மைலை 26.4 விநாடியில் கடந்தார். மணிக்கு 219 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மரக்காணத்துல இருந்து பாண்டிக்குப் பத்தே நிமிஷம்.

எல்லாரும் இந்த நம்பரோட கதையை முடிச்சிடுவாங்க. எனக்கு முக்கியம் அடுத்த ஓட்டம்தான். ஓடிக்கிட்டிருக்கும்போதே ஷாஃப்டோட யுனிவர்சல் ஜாயிண்ட் உடைஞ்சது, ஃபிரேம் வளைஞ்சது. அவர் விழாம வண்டியை நிறுத்தினது கைப்பழக்கம், கொஞ்சம் அதிர்ஷ்டம். இன்ஜின் நல்லாத்தான் இருந்தது. அதோட டார்க் போன வழிதான் தாங்கல. உங்க பிளானிலும் முதல்ல பார்க்க வேண்டியது சிசி இல்ல. ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம், முக்கியமா அந்தச் சின்ன டிரம் பிரேக். (மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் ஒரு தடவை படிச்சிடுங்க, ஆர்சி அப்பா பேர்ல இருக்கும்.)

அந்த வண்டியில் அவர் மறுபடி ரெக்கார்டுக்குப் போகல. 1908 ஜூலை 4-ல் ஜூன் பக் விமானத்தை ஓட்டிப் பரிசு வாங்கினார். ரைட் சகோதரர்களோட காப்புரிமை வழக்கு வருஷக்கணக்கா இழுத்தது. 1930-ல், 52 வயசில், குடல்வால் ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்துட்டார். வி-8 வண்டி இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கு. போட்டோ தேடிப் பாருங்க: இன்ஜின்தான் தெரியும், வண்டியைத் தேடணும்.