9653ஆம் எண் வேட்பாளர்

1920ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடைபெற்றது. வேட்பாளர்களுள் ஒருவர் அன்று வாக்களிக்கச் செல்லவில்லை. அவரால் செல்லவும் இயலாது. அவர் அட்லாண்டா நகரச் சிறையில் 9653ஆம் எண் கைதியாக இருந்தார். ஆயினும், நாடு முழுவதும் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தனர்.

அவர் பெயர் யூஜின் டெப்ஸ். அதிபர் பதவிக்கு அவர் போட்டியிட்ட ஐந்தாவது தேர்தல் அது. முந்தைய நான்கிலும் அவர் தோற்றிருந்தார். இம்முறையும் தோற்பார் என்பதை அவரும் அறிவார். அவருக்கு வாக்களித்தவர்களும் அறிவார்கள். அப்படியென்றால் அவர் ஏன் போட்டியிட்டார்?

டெப்ஸ் 1855ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்திலுள்ள டெர்ர ஹோட் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிரான்சிலிருந்து குடியேறியவர்கள். மளிகைக் கடை நடத்தியவர்கள். பதினான்கு வயதில் பள்ளியை விட்ட டெப்ஸ், இரயில் பட்டறையில் பழைய சாயத்தைச் சுரண்டியெடுக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு, ஓடும் இரயிலின் நீராவி இயந்திரத்திற்குத் தீ மூட்டும் வேலை கிடைத்தது. அந்நாளில் இரயில் வேலை உயிருக்கு ஆபத்தான வேலை. தாயார் அஞ்சி வற்புறுத்தியதால் அதைக் கைவிட்டார். ஆனால், இரயில் தொழிலாளர்களை அவர் கைவிடவில்லை. 1875ஆம் ஆண்டு அவர்களுடைய சங்கத்தில் சேர்ந்து, அதன் பொறுப்புகளை ஏற்றார்.

அவர் தேர்தலில் வென்றதே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இளவயதில் நகர எழுத்தராகவும், 1884ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேலையில் காயமடையும் தொழிலாளர்களுக்கு இரயில் நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்பதற்காகச் சட்டமன்றத்தில் முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. பதவி கையில் இருந்தும் பயன் கிட்டாத அந்த ஏமாற்றத்தால் அவர் மீண்டும் சட்டமன்றத்திற்குப் போட்டியிடவில்லை. அவருடைய பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இந்நிகழ்ச்சி உதவும் என்றே தோன்றுகிறது.

1894ஆம் ஆண்டு புல்மன் என்னும் இரயில் பெட்டி நிறுவனம் தொழிலாளர்களின் ஊதியத்தைக் குறைத்தது. அவர்கள் குடியிருந்த நிறுவன வீடுகளின் வாடகையை மட்டும் குறைக்கவில்லை. டெப்ஸ் தலைமையிலான சங்கம் அவர்களுக்குத் துணையாக நின்றது. நாட்டின் பல பகுதிகளில் இரயில்கள் நின்றுபோயின. அரசு இராணுவத்தை அனுப்பி வேலைநிறுத்தத்தை முறியடித்தது. டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. சிறையில் நிறைய படித்தார். சில ஆண்டுகளில், தொழிற்சாலைகளும் இரயில் பாதைகளும் சமுதாயத்தின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்னும் சோசலிசக் கொள்கையை ஏற்றுக்கொண்டார்.

1900ஆம் ஆண்டு முதன்முறையாக அதிபர் தேர்தலில் நின்றார். ஏறத்தாழ 87,000 பேர் வாக்களித்தனர். 1904இல் அது நான்கு இலட்சத்தைத் தாண்டியது. உற்சாகமடைந்த கட்சி, 1908இல் ஓர் இரயிலையே வாடகைக்கு எடுத்தது. மக்கள் அதைச் ‘சிவப்பு இரயில்’ என்று அழைத்தார்கள். அதில் ஓர் இசைக்குழு இருந்தது. கட்டுக்கட்டாகத் துண்டறிக்கைகள் இருந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் அந்த இரயில் நின்றது. உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்த டெப்ஸ், கூட்டத்தை நோக்கி உடலை வளைத்துக் கைகளை நீட்டிப் பேசுவார். தொண்டை கட்டிப்போகும்; மறுநாள் மீண்டும் பேசுவார். அந்த இரயிலுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று எதிர்ப்பாளர்கள் ஐயம் எழுப்பினர். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அது.

இவ்வளவு உழைத்தும் கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 4,20,000 மட்டுமே. முந்தைய தேர்தலைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். வெற்றி ஒன்றே நோக்கமென்றால் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். டெப்ஸின் கணக்கு வேறு. தொழிற்சங்கக் கூட்டத்திற்கு வராதவர்கூட அதிபர் வேட்பாளரைப் பார்க்க வருவார். வந்தவர் காதில் எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, முதியோர்க்கு ஓய்வூதியம், சிறுவர் உழைப்புக்குத் தடை ஆகிய சொற்கள் விழும். தம்மை மீட்பராகக் கருதித் தம் பின்னால் வர வேண்டா என்றும் அவர் மக்களிடம் கூறிவந்தார். பதவி தேடும் வேட்பாளர் எவரும் அப்படிக் கூறுவதில்லை.

1912இல் அவருக்கு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வாக்குகள் கிடைத்தன. அது மொத்த வாக்குகளில் 6 விழுக்காடு. அதே தேர்தலில், முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் புதிய கட்சியும் பெண்கள் வாக்குரிமை, சிறுவர் உழைப்புத் தடை போன்றவற்றைத் தன் திட்டத்தில் சேர்த்திருந்தது. இக்கோரிக்கைகள் டெப்ஸுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பெண்கள் தங்கள் வாக்குரிமைக்காகப் பல்லாண்டுகள் தாங்களே போராடினார்கள். ஆயினும், ஒரு கருத்துக்கு இத்தனை இலட்சம் வாக்குகள் உண்டு என்று தெரிந்தால் பெரிய கட்சிகளும் அதைக் கவனிக்கத்தான் செய்யும்.

1916இல் அவர் அதிபர் தேர்தலில் நிற்கவில்லை. சொந்த ஊர்த் தொகுதியில் நாடாளுமன்றத்திற்குப் போட்டியிட்டுத் தோற்றார். அதில் வெல்லவேண்டும் என்றே அவர் விரும்பியிருக்கலாம். இரண்டு நோக்கங்களும் ஒரே மனிதரிடம் இருக்க முடியாதா என்ன?

அமெரிக்கா முதலாம் உலகப் போரில் ஈடுபட்டிருந்தபோது, 1918ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் டெப்ஸ் போருக்கு எதிராக உரையாற்றினார். அதற்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 62 வயது. 1920இல் கட்சியினர் சிறைக்கே வந்து, அவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த செய்தியைத் தெரிவித்தார்கள். கைதி உடையில் அவர் நிற்கும் படம் தேர்தல் சின்னங்களில் இடம்பெற்றது. ஊர் ஊராகப் பேசியவருக்கு, வாரத்திற்கு ஓர் அறிக்கை வெளியிட மட்டுமே அனுமதி கிடைத்தது. அவர் பெற்ற வாக்குகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால், பெண்களும் வாக்களித்த அத்தேர்தலில் அது 3.4 விழுக்காடாகச் சுருங்கியது. பெண்கள் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்த கட்சிக்கு அவ்வுரிமையால் பெரிய இலாபம் கிடைக்கவில்லை.

தேர்தலில் வென்ற வாரன் ஹார்டிங், 1921ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று டெப்ஸை விடுதலை செய்தார். அவர் வெளியேறியபோது சிறைக்குள்ளிருந்த கைதிகள் ஆரவாரம் செய்தனர். டெப்ஸ் கண்ணீர் மல்கத் திரும்பிப் பார்த்துத் தொப்பியை உயர்த்தினார். மறுநாள் ஹார்டிங்கின் அழைப்பை ஏற்று வெள்ளை மாளிகைக்குச் சென்றார். சிறிது நேரம் அதிபரோடு உரையாடிவிட்டு, இரயிலேறி ஊர் திரும்பினார்.

சிறைவாசம் அவருடைய உடல்நலத்தைக் கெடுத்திருந்தது. 1926ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அவர் காலமானார். அப்போதும் அமெரிக்கச் சிறுவர்கள் ஆலைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது 1938இல்தான்.