கதிரவனைக் கற்ற ஜான் எவர்ஷெட்

எம்மூராகிய திருப்பூரில் சூரியன் ஒரு வேலையாளன். வெளுத்த துணியையும் சாயமேற்றிய நூலையும் உலர்த்தித் தருவது அவன் கடமை. மழைக்காலத்தில் அவன் இரண்டு நாள் வாராதொழியின் முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே வருந்துவர். ஆயினும் அவன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆராய்ந்தவர் எம்மவருள் எத்துணை பேர்? எமக்குத் தெற்கே, உடுமலைக்கும் பழனிக்கும் அப்பால் உயர்ந்து நிற்கும் மலைத்தொடரின் மேல் அமர்ந்து அவ்வெழுத்தைப் படித்த ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜான் எவர்ஷெட் 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே மாகாணத்துக் கோம்ஷால் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜீவனத்தின் பொருட்டு ஓர் இரசாயனத் தொழிலகத்தில் உத்தியோகம் பார்த்தார். வானநூல் அவருக்குத் தொழிலன்று; விருப்பம் ஒன்றே அவரை அதன்பால் ஈர்த்தது. 1890இல் கென்லி என்னும் ஊரில் தமக்கெனச் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைத்து, தொழில் போக எஞ்சிய பொழுதில் சூரியனைச் சோதித்து வந்தார். சூரிய விளிம்பில் தீக்கொழுந்துபோல் எழும் சுவாலைகளை நிறமாலைக் கருவியால் கண்டு குறித்து வைப்பது அவர் வழக்கம். வேண்டிய கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் திறம் அவரிடம் இருந்தது. ரான்யார்டு என்னும் நண்பர் தமது 18 அங்குலத் தொலைநோக்கியை அவருக்கு உரிமையாக்கிச் சென்றார்.

கிரகணம் நிகழும் இடந்தோறும் எவர்ஷெட் சென்றார். 1898 ஜனவரி 22ஆம் நாள் இந்தியாவில் தல்னி என்னுமிடத்தில், முழுக் கிரகணத்தின் தொடக்கத்தும் முடிவிலும் சில நொடியே மின்னி மறையும் சூரிய விளிம்பின் நிறமாலையைப் படம் பிடித்தார். 1900இல் அல்ஜீரியாவில் முழுக் கிரகண எல்லைக்குச் சற்றே வெளியில் நிற்க நேர்ந்தது. அவர் மனந்தளரவில்லை, அவ்விடத்தும் பயனுள்ள படங்களையே எடுத்து மீண்டார்.

1906இல், தம் 42ஆம் வயதில், கோடைக்கானல் ஆய்வகத்தில் துணைப்பதவி ஏற்க இசைந்தார். அவ்வாண்டே தம்மைப் போன்றே வானநூலில் ஈடுபட்ட மேரி ஆர் என்னும் பெருமாட்டியை மணந்து, அமெரிக்கா, ஜப்பான் வழியாகப் பிரயாணஞ்செய்து, 1907 ஜனவரியில் மலையேறினார். அக்காலத்து ஆய்வகத் தலைவர் மிச்சி ஸ்மித், முன்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராயிருந்தவர் என்பது மாணவராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாம்.

இனி அவர்தம் பெருங் கண்டுபிடிப்பைக் கேண்மின். 1908இல் அமெரிக்க அறிஞர் ஹேல், சூரியக் கரும்புள்ளிகளைச் சுற்றிச் சுழல்போன்ற வடிவங்கள் உள்ளனவென்று காட்டினார். ஆதலின் புள்ளியின்கண் வாயு நீர்ச்சுழிபோல் சுழலுதல் வேண்டும் என்பதே பலரும் எதிர்பார்த்தது. எவர்ஷெட்டும் அதனையே தேடினார். நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் செல்லும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கமும் சிறிது நகரும். 1909 ஜனவரியில் அவர் எடுத்த படங்களிலோ சுழற்சி தோன்றவில்லை. சூரிய விளிம்பை அடுத்த புள்ளிகளில், அரைநிழற் பகுதியின் உட்பக்கம் நம்மை நோக்கியும், விளிம்புப் பக்கம் நம்மை விட்டு விலகியும் செல்வது தெரிந்தது. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவில் நிற்குங்கால் அந்நகர்ச்சி மறைந்தது. ஆகவே வாயு சூரியனின் மேற்பரப்பை ஒட்டி, புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும் வெளியே ஓடுகிறது என்று துணிந்தார். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். தாம் தேடியதை விடுத்துத் தட்டு காட்டியதை ஏற்ற நேர்மையே அவரது பெருமை. அந்நிகழ்ச்சி இன்றளவும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

1911இல் ஆய்வகத் தலைவரானார். 1915இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1918இல் ராயல் வானநூற் சங்கத்தின் பொற்பதக்கம் பெற்றார்.

மேரி அம்மையாரை மறத்தல் நன்றன்று. மகாகவி தாந்தேயின் வானநூலறிவைப் பற்றி அவர் எழுதிய நூல் இலக்கியம் பயில்வார்க்கும் உரியது. 1917இல் கணவரும் மனைவியும் சூரிய சுவாலைகளைப் பற்றி ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டனர். அதில் கோடைக்கானற் பதிவுகளோடு, கென்லியில் ஓய்வுநேரத்தில் குறித்த பதிவுகளும் சேர்ந்து இடம்பெற்றன. பொழுதுபோக்கென்று உலகம் எண்ணியது சாத்திரமாய் மாறிற்று!

1923இல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு சென்றவர் வாளா இருந்தாரல்லர். யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து முதுமையிலும் சூரியனைப் பார்த்து வந்தார். 1949இல் மேரி அம்மையார் காலமானார். எவர்ஷெட் 1956 நவம்பர் 17ஆம் நாள், தம் 92ஆம் வயதில் மறைந்தார். கோடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படத்தட்டுகள் இன்றும் ஆராய்வார்க்குப் பயன்படுகின்றன.

நண்பர்காள், பகலெல்லாம் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து மாலையில் வீடு திரும்பும் இளைஞர் எம்மூரிற் பலர். கல்வி தமக்கு உரியதன்றென அவருட் சிலர் எண்ணுகின்றனர். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தல் கண்ணைக் கெடுக்கும். சிறு தொலைநோக்கியின் வழியே வெண்தாளில் அதன் பிம்பத்தை விழச்செய்தால் கரும்புள்ளிகளைத் தீங்கின்றிக் காணலாம். நாள்தோறும் அவற்றை ஒரு குறிப்பேட்டில் வரைதற்குக் கால்மணிப் பொழுது போதும். எவர்ஷெட்டும் உத்தியோகத்தினின்று மிஞ்சிய பொழுதில்தான் தொடங்கினார்.