கடலுக்கடியில் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தவர்... குளிரிடம் திணறியது ஏன்? ஜாக் கூஸ்தோவும் வெட்சூட்டும்!

1943 ஜனவரி. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. ஜெர்மன் படைகளின் பிடியில் இருந்த பாரிஸுக்கு அருகே, மார்ன் ஆற்றில் 32 வயது கடற்படை அதிகாரி ஒருவர் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். படுத்தபடி நீந்தினால் மூச்சு சீராக வருகிறது. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டுகிறது. தலைகீழாகத் திரும்பினால் மூச்சு இழுக்கவே முடியவில்லை.

அந்தக் கோளாறை அவரும் கூட்டாளியும் சில மாதங்களில் சரிசெய்து விட்டார்கள். ஆனா, இன்னொரு பிரச்சினை அவரைப் பல வருஷம் விடவே இல்லை. அது குளிர்!

ஸ்கூபா டைவிங் போகும் பலரும் இன்று வெட்சூட் போட்டுக்கொள்கிறார்கள். அந்த உடை ஏன் அப்படி இருக்கிறது, எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது புரிய வேண்டுமானால், இந்த மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த ஜாக் கூஸ்தோ?

பிரான்ஸில் போர்தோ நகருக்கு அருகே உள்ள சிறிய ஊரில் 1910 ஜூன் 11-ம் தேதி பிறந்தவர் ஜாக் கூஸ்தோ. சின்ன வயதில் உடம்பு அடிக்கடி படுத்தும். ஆனாலும் நீச்சல் என்றால் உயிர். 1930-ல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய கனவு கடல் இல்லை, ஆகாயம்! கடற்படை விமானி ஆகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

1936-ல் நடந்த ஒரு கார் விபத்து எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டு கைகளும் உடைந்தன. ஒரு கையில் கிருமித்தொற்று பரவ, அதை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அவர் சம்மதிக்கவில்லை. கை பிழைத்தது. விமானி கனவு போய்விட்டது.

கைகளுக்குப் பலம் வர வேண்டும் என்பதற்காகத் துலோன் துறைமுக நகரில் தினமும் கடலில் நீந்தினார். அங்கே சக அதிகாரி பிலிப் தாயே, நீருக்கடியில் பார்க்க உதவும் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்ட அந்த நொடியில்தான் கூஸ்தோவின் மீதி வாழ்க்கை முடிவானது. பிரெடெரிக் துமா என்ற மீன் வேட்டைக்காரரும் சேர்ந்துகொள்ள, மூவரும் கடலே கதி என்று கிடந்தார்கள்.

கார் வால்விலிருந்து வந்த அக்வாலங்

மூச்சடக்கி முங்கினால் ஒன்றிரண்டு நிமிடம்தான். அதுக்கு மேல் வேண்டுமென்றால்? 1937-ல் அவர் மணந்த சிமோனின் அப்பா, ஏர் லிக்விட் என்ற எரிவாயு நிறுவனத்தில் இருந்தார். அந்தத் தொடர்பில்தான் எமில் கான்யான் என்ற பொறியாளர் அறிமுகமானார்.

போரால் பெட்ரோல் தட்டுப்பாடு. எரிவாயுவில் கார் ஓட்டுவதற்காக ஒரு வால்வை உருவாக்கியிருந்தார் கான்யான். மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் காற்றைக் கொடுக்கும்படி அதை மாற்றினார்கள். அதுதான் அக்வாலங். 1943 கோடையில் தெற்குக் கடற்கரையில் கூஸ்தோ அதை மாட்டிக்கொண்டு இறங்கினார். சிமோன் மேலே மிதந்தபடி கவனித்துக்கொண்டிருக்க, துமா கரையில் தயாராக நின்றார். இந்த முறை எப்படித் திரும்பினாலும் மூச்சு வந்தது. மனிதன் குழாய், கயிறு எதுவும் இல்லாமல் மீன் மாதிரி நீந்தினான்!

மூச்சு கிடைத்தது... குளிர் விட்டதா?

இல்லை. மூச்சு நின்றுபோனதால் மேலே வந்த காலம் போய், உடம்பு நடுங்குவதால் மேலே வர வேண்டிய நிலை.

காரணம் எளிமையானது. காற்றைவிடத் தண்ணீர் உடம்பின் சூட்டை சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். நம் உடம்பு 37 டிகிரி செல்சியஸ். உடம்பின் உள்வெப்பம் 35-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. அதுக்கு முன்பே விரல் மரத்துப்போகும், காற்று வேகமாகத் தீரும், யோசனை மந்தமாகும். தரையில் இது வெறும் அசௌகரியம். 30 மீட்டர் ஆழத்தில் உயிர்ப் பிரச்சினை.

அந்தக் காலத்து நீச்சல்காரர்கள் உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொள்வார்கள். தண்ணீரில் அது கரைந்து போய்விடுகிறது, பலனில்லை என்பதைக் கூஸ்தோ அனுபவத்தில் கண்டுகொண்டார். பிறகு தானே ரப்பர் தாள்களை ஒட்டி உடை தைக்க ஆரம்பித்தார். அவருடைய எண்ணம் ஒன்றுதான்: ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரக் கூடாது.

இதுல ஒரு சிக்கல். தண்ணீர் வராத உடைக்குள் காற்று அடைந்துகொள்ளும். அந்தக் காற்று மேலே தூக்கும். உடைக்குள்ளேயே இடம் மாறி ஆளைக் கவிழ்க்கும். ஆழம் போகப் போகக் காற்று சுருங்கி, உடை தோலைக் கவ்வும். எங்காவது கிழிந்தால் குளிர்ந்த தண்ணீர் மொத்தமாக உள்ளே. 1946-ல், உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறாதபடி ஒரு உடையை வடிவமைத்தார். முன்னேற்றம்தான். ஆனால் எல்லோரும் எளிதாகப் போட்டுக்கொள்ளும் உடை அது இல்லை.

அதே 1946 ஆகஸ்டில், தெற்கு பிரான்ஸின் ஃபோந்தேன் த வோக்லூஸ் என்ற ஆழமான ஊற்றுக் குகையில் கூஸ்தோவும் துமாவும் இறங்கினார்கள். கோடையிலும் சில்லென்றிருக்கும் தண்ணீர், கும்மிருட்டு. சிலிண்டருக்குள் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு நச்சால் இருவரும் மயங்கும் நிலைக்குப் போய், மயிரிழையில் தப்பினார்கள். அடுத்த வருஷம் அவருடைய குழுவின் மோரிஸ் பார்க், 120 மீட்டர் ஆழம் வரை போய் உயிரோடு திரும்பவில்லை. ஆழத்தில் மூளை மந்தமானால் என்ன நடக்கும் என்பதை நண்பரின் மரணத்தில் பார்த்தார் கூஸ்தோ.

விடை எங்கிருந்து வந்தது?

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்திலிருந்து! அமெரிக்காவில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், 1950-களின் தொடக்கத்தில் கடற்படை முக்குளிப்பு வீரர்களின் குளிர்ப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். கேள்வியையே அவர் மாற்றிப் போட்டார். நனையாமல் இருப்பது எதுக்கு? நனைந்தால்தான் என்ன?

சூட்டைக் காப்பது காய்ந்த தோல் இல்லை, உடையின் பொருளுக்குள் சிறைப்பட்ட வாயுக் குமிழிகள் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. நியோபிரீன் என்ற நுரை ரப்பரில் லட்சக்கணக்கான குமிழிகள் இருக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் வரட்டும். அது வெளியே ஓடாமல் இருந்தால் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். இதுதான் வெட்சூட்!

அவருடைய காப்புரிமை விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பெரிய பணமும் பார்க்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் பிரான்ஸ், அமெரிக்கா இரண்டிலும் வெட்சூட் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் கூஸ்தோவின் குழுவினரும் நியோபிரீன் உடையில் டிவி திரைகளில் தோன்றினார்கள்.

கலிப்சோ என்ற கப்பல்

1950-ல் பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்று கூஸ்தோவுக்குக் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர் ஒரு பிரிட்டிஷ் செல்வந்தர். வாடகை, வருஷத்துக்கு ஒரே ஒரு பிராங்க்! கப்பலைத் தயார் செய்யப் பணம் போதாமல் சிமோன் தன் நகைகளை விற்றார். அதுதான் உலகப் புகழ்பெற்ற கலிப்சோ.

1953-ல் அவருடைய 'மௌன உலகம்' புத்தகம் வெளியானது. அதே பெயரில் 1956-ல் வந்த படம் கான் விழாவில் உயரிய விருதையும், பிறகு ஆஸ்கரையும் வென்றது. அந்தப் படத்தில் வெடி வைத்து மீன்களைக் கொல்வதும், சுறாக்களை அடித்துக் கொல்வதும் இருக்கின்றன. இன்று பார்ப்பவர்கள் அதிர்ந்து போவார்கள். பிற்காலத்தில் அதே மனிதர் கடலைக் காப்பாற்றுங்கள் என்று உலகம் முழுக்கப் பிரசாரம் செய்தார்.

1965-ல் நீஸ் நகருக்கு அருகே 100 மீட்டர் ஆழத்தில் 6 பேரை மூன்று வாரம் தங்க வைத்தார். அங்கும் குளிர் விடவில்லை. அந்த ஆழத்தில் சுவாசிக்க ஹீலியம் கலந்த வாயு வேண்டும். அது சாதாரணக் காற்றைவிட வேகமாக உடம்பின் சூட்டைத் திருடும். 100 மீட்டரில் அழுத்தம் 11 மடங்கு. நியோபிரீன் குமிழிகளும் நசுங்கிவிடும்.

அப்போ வெட்சூட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கூஸ்தோவின் திணறலும் பிராட்னரின் விடையும் சொல்லும் பாடம் ஒன்றுதான். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகக் கூடாது. அதனால் தடிமனைவிட அளவு முக்கியம்.

* அளவு: தோலோடு ஒட்ட வேண்டும். அக்குள், இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதியில் தொளதொளவென்று இருந்தால், குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் உள்ளே பாயும். அப்புறம் 7 மில்லிமீட்டர் உடை போட்டும் பலனில்லை.
* இறுக்கம்: ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா, கைகளைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். கழுத்து ரொம்ப இறுக்கினால் ரத்தக்குழாய் அழுந்தித் தலைசுற்றல் வரலாம்.
* தடிமன்: பொதுவான கணக்கு இது. 27 டிகிரிக்கு மேல் 2 முதல் 3 மி.மீ. 21 முதல் 26 வரை 3 முதல் 5 மி.மீ. 16 முதல் 20 வரை 5 முதல் 7 மி.மீ. அதுக்கும் கீழே 7 மி.மீ. உடையோடு தலையுறை, கையுறை. 10 டிகிரிக்குக் கீழே என்றால் தண்ணீர் புகாத டிரைசூட்தான் சரி.
* ஆழம்: 10 மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்கு. குமிழிகள் சுருங்கி, உடை மெலிந்து, சூடும் குறையும், மிதக்கும் சக்தியும் குறையும். தடிமனான உடைக்கு இடுப்பில் கூடுதல் ஈய எடை வேண்டும். அதைப் பயிற்சியாளரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.
* தையல்: உள்ளே இருந்து வெளியே வரை துளைத்துத் தைத்த உடையில் ஊசித்துளை வழியே தண்ணீர் வரும். அது வெதுவெதுப்பான கடலுக்குப் போதும். குளிர்ந்த தண்ணீருக்கு, ஒட்டித் துளைக்காமல் தைத்ததே நல்லது.

புதுச்சேரி, அந்தமான் பக்கம் முதல்முறை டைவிங் போகிறவர்களுக்கு மெல்லிய உடையே போதும். டைவ் சென்டரில் வாடகைக்கு எடுக்கும்போது, கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு இறங்காமல், இரண்டு மூன்று அளவு போட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பான கடலிலும் ஒரு மணி நேரம் இருந்தால் உடம்பு சூட்டை இழக்கும்.

கடைசிக் காலம்

1972-ன் கடைசியில் கலிப்சோ அண்டார்டிகா போனது. உறைநிலையை ஒட்டிய தண்ணீரில், பனிப்பாறைகளுக்குக் கீழே அவருடைய குழு படம்பிடித்தது. பின்னாளில் அந்தக் கண்டத்தில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று கூஸ்தோ உலகத் தலைவர்களிடம் போராடினார்.

சொந்த வாழ்க்கை அவரை விட்டுவைக்கவில்லை. 1979-ல் இளைய மகன் பிலிப் நீர்விமான விபத்தில் இறந்தார். 1990-ல் சிமோன் போனார். 1996-ல் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு படகு மோதியதில் கலிப்சோ மூழ்கியது. 1997 ஜூன் 25-ம் தேதி, 87 வயதில் கூஸ்தோ பாரிஸில் காலமானார்.

எந்தப் படத்தில் பார்த்தாலும் அவர் தலையில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி இருக்கும். வெட்சூட் இல்லாத காலத்தில், பித்தளை ஹெல்மெட்டுக்குள் குளிர் தாங்கப் பழைய டைவர்கள் அணிந்தது அந்த மாதிரித் தொப்பிதான். உலகமே அதை அவருடைய அடையாளமாகப் பார்த்தது. அவர் கடைசி வரை அதைக் கழற்றவில்லை.