ஆடுகளத்து ஆசிரியர்

மதுரையை அடுத்த பரவை போன்ற வைகைக்கரை ஊர்களில், நீர் வற்றிய கண்மாய்களில் சிறுவர்கள் வெறுங்காலுடன் பந்தாடுவதைக் கோடையில் காணலாம். இந்தியக் கால்பந்து அணியும் ஒரு காலத்தில் அவ்வாறே ஆடியது. வெறுங்காலுடன் உலக அரங்கில் நின்ற அவ்வணியை ஆசியாவின் முதன்மை அணியாக உயர்த்தியவர், ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரகீம்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்த ரகீம், உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்று அதன் அணிக்காக ஆடினார். ஆட்டக்காரராக அவர் பெற்ற புகழ் பெரிதன்று; ஆட்டத்தைக் கற்பிப்பதிலேயே அவர் மனம் தோய்ந்தது. பள்ளிகளில் பாடம் நடத்தியதோடு உடற்கல்வியிலும் தேர்ச்சி பெற்றார். 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் அந்நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரணியினரை ஏய்த்து முன்னேறுவதே திறமை என அக்காலத்தில் பலர் எண்ணினர். ரகீமுக்கு அது உடன்பாடன்று. பந்தை உடனே தோழருக்குத் தள்ளிவிட வேண்டும் என்னும் விதியுடன் இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். வலக்காலில் வல்லவர் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்னும் போட்டிகளும் உண்டு. பார்ப்போருக்கு வேடிக்கையாகத் தோன்றிய இப்பயிற்சி, ஆட்டக்காரர்களின் குறையையே கருவியாக்கிற்று. தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமின் திறனைக் கண்டு வளர்த்தவரும் இவரே. பயிற்சிக்கு வந்துபோகப் பணமில்லாத அவ்விளைஞருக்கு மிதிவண்டிக்கு வழி செய்து கொடுத்தார்.

1951இல் தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டில் ரகீமின் அணி ஈரானை வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பேரிடி விழுந்தது. குளிர் மிகுந்த அத்திடலில் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினர். யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்றனர். அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. வெறுங்காலில் பழகியவருக்குக் காலணி முதலில் சுமையாகவே இருந்திருக்கும். ஆயினும் 1956இல் மெல்போர்னில் அதே அணி, ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே. 1960இல் ரோம் நகருக்குச் சென்ற அணியில் ரகீமின் மகன் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஓர் ஆட்டத்திலும் அவர் களமிறக்கப்படவில்லை.

1962இல் ஜகார்த்தாவுக்குப் புறப்படும்போது ரகீம் உடல்நலம் குன்றியிருந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியா இந்தியாவை 2–0 என வீழ்த்தியது. அடுத்து, தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. காயத்துடன் பின்களத்தில் நிற்க இயலாதவரை வேறொரு பயிற்சியாளர் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரகீமோ அவரை முன்களத்திற்கு மாற்றினார். அரையிறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4 அன்று நடந்தது. எதிரணி அதே தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா நுழைவு மறுத்ததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அதனால் சினமுற்ற ஏறத்தாழ ஒரு லட்சம் பார்வையாளர்கள் இந்திய அணியை எதிர்த்துக் கூச்சலிட்டனர். முந்திய நாள் வீரர்களிடம் ரகீம் தமக்கென ஒரே ஒரு பரிசு கேட்டிருந்தார்; அது அத்தங்கமே. மதராஸ் படைப்பிரிவில் இருந்து வளர்ந்த பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்தார். பி. கே. பானர்ஜி முதல் கோலையும், தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் அடுத்ததையும் அடித்தனர். இந்தியா 2–1 என வென்றது.

அவ்வெற்றிக்குப்பின் ரகீம் ஓராண்டுகூட வாழவில்லை. நுரையீரல் புற்றுநோயால் 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.