இடையன்குடியில் எழுந்த ஆலயம்

இராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றார். பின்னர் அதனை விடுத்துச் சமயப் பணியை ஏற்று, 1838இல் சென்னைக்கு வந்தார். அங்குத் தமிழைக் கற்றபின், 1841இல் நெல்லைச் சீமையிலுள்ள இடையன்குடியை அடைந்தார்.

அது செம்மணல் தேரியும் பனைமரங்களும் சூழ்ந்த சிற்றூர். பனையேறும் தொழிலாளர்களே அங்கு மிகுதியாக வாழ்ந்தனர். கால்டுவெல் அவ்வூரில் தெருக்களை ஒழுங்குபடுத்தினார்; கிணறுகள் தோண்டச் செய்தார். அவருடைய மனைவி எலைசா பெண்களுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்தார்.

1847இல் ஆலயப் பணி தொடங்கியது. இங்கிலாந்துச் சிற்றூர்களின் ஆலயங்களில் காணப்படும் கூர்முனை வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் கொண்ட கோதிக் முறையிலேயே இவ்வாலயமும் எழுந்தது. பணி மெல்லவே நடந்தது. ஆயினும் அவர் அதனைக் கைவிடவில்லை. இதற்கிடையே, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழின் தொன்மையை உலகறியச் செய்தார். 1877இல் பேராயரானார்.

33 ஆண்டுகளுக்குப் பின், 1880இல் ஆலயம் திறக்கப்பட்டது. இளைஞராகத் தொடங்கிய பணி நிறைவேறியபோது அவருக்கு வயது 66. 1891இல் கொடைக்கானலில் மறைந்த கால்டுவெலின் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, தாம் எழுப்பிய அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.